வெண்ணெயா, மாவா?

என் சித்தியின் முன்கைகளைப் பார்த்தவர்கள் அவளிடம் வம்புக்குப் போகமாட்டார்கள். நான் போவேன், அது வேறு விஷயம். பன்னிரண்டு வருடம் உருட்டுக்கட்டை பிடித்த கைகள் அவை. பேக்கரியின் பின்கட்டில், குளிர்ப்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கல்மேஜை இருக்கிறது. உண்மையான சித்தி அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் பார்ப்பது அந்த மேஜை சாயங்காலம் அனுப்பிவைக்கும் ஆளை.

அந்த மேஜையில் அவள் செய்வது பப்ஸ் மாவு. கடித்தவுடன் பொலபொலவென்று உதிர்ந்து சட்டையைப் பாழாக்குமே, அந்த மேல்தோல். செய்முறையைக் கேட்டால் சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். மாவை விரித்து, நடுவில் பலகை போல ஒரு வெண்ணெய்க் கட்டியை வைத்து மூட வேண்டும். கீழே மாவு, நடுவில் வெண்ணெய், மேலே மாவு. அதை நீளமாக உருட்டி, கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடிக்க வேண்டும். குளிரில் அரைமணி நேரம் தூங்கவைத்து எழுப்பி, திரும்ப உருட்டித் திரும்ப மூன்றாக மடிக்க வேண்டும். இப்படி நாலு தடவை. அவசரப்பட்டால் வெண்ணெய் மாவைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும். அசந்துபோனால் உருகி மாவோடு கலந்துவிடும். அப்புறம் அதற்குப் பெயர் பப்ஸ் இல்லை, கனமான ரொட்டி.

சித்தி அங்கே வேலைக்குப் போனது தட்டு கழுவ. ஒரு நாள் மாவு மடிக்கிற ஆள் வரவில்லை. கையில் சோப்பு நுரையோடு இவள், "நான் செய்யறேன்" என்றாளாம். முதல் தட்டு வெந்து வந்தபோது, ரொட்டி மேஜைக்காரர், நாங்கள் பன் மாஸ்டர் என்று சொல்வோம், ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. கூரைல போடலாம்" என்றாராம். அந்த ஓடுகளையெல்லாம் சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மூன்று நாள் அதுதான் சாப்பாடு. சித்தப்பாவின் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது அந்த வாரம்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு பேக்கரி வாசலில் பப்ஸுக்கு வரிசை நின்றது. சித்தப்பா பஸ் ஓட்டுகிறவர். தன் பஸ்ஸை அந்த வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். காரணம் கேட்டால், "சும்மா" என்பார்.

அந்த மேஜையே கையைவிட்டுப் போகவிருந்த கதைதான் இது.

பேக்கரியை முதலாளியம்மா பெரிதாக்கினார். சுவரை இடித்தார், புது அடுப்பு வாங்கினார். மேஜைக்கு ஒரு பொறுப்பாளர் என்று சட்டம் போட்டார். எவ்வளவு மாவு, எத்தனை மடிப்பு, எந்தத் தட்டு கடைக்குப் போகலாம், எது போகக்கூடாது, எல்லாம் பொறுப்பாளர் முடிவு. ஆனால் பொறுப்பாளர் ஆக, வயது வந்தவர்களுக்கான அடிப்படைக் கணக்குத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பன் மாஸ்டர் பத்தாவது படித்தவர். சித்தி ஐந்தாவது வரைக்கும்தான். அப்போது வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அவள்தான் கையில் அகப்பட்டாள். "ஆறு வாரத்துல பரீட்சை எழுதித் தேறிட்டா மேஜை உனக்கு. இல்லேன்னா ரெண்டு மேஜையும் அவரே பார்த்துக்கட்டும்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

பன் மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் பப்ஸ் மாவைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது.

"நாலு மடிப்பு எதுக்கும்மா? மூணு போதும். அரைமணி நேரம் மிச்சம். திங்கறவன் பிரிச்சு வெச்சு எண்ணிப் பார்க்கவா போறான்?"

"எண்ண மாட்டான், மாஸ்டர். ஆனா அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போயிடுவான்."

"அடேயப்பா. பொறுப்பாளர் ஆகறதுக்கு முன்னாடியே பேச்சைப் பாரு."

வகுப்பு சனி, ஞாயிறு மதியம், நூலகத்தின் மாடியில். சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்பதாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. கடைசி மணியைப் பத்து நிமிடம் முன்னாலேயே அடித்து, மொத்தப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனார்கள். தலைமையாசிரியருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அம்மா வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் நான் வளர்வது சித்தி வீட்டில். "சும்மா சுத்தறதுக்கு என் பக்கத்துல வந்து உக்காரு. எனக்குத் துணை, ஊருக்கு நிம்மதி" என்றாள்.

கணக்கு மிஸ் சித்தியைவிடப் பதினைந்து வயது சின்னவர். சித்தி அவரை "மிஸ்" என்பாள். அவர் சித்தியை "அக்கா" என்பார். பின்னம், சதவீதம், எடை எல்லாம் சித்தி ஊதித் தள்ளினாள். தினமும் தராசோடு குடித்தனம் நடத்துகிறவள் அல்லவா. நாலாவது வாரம் அடுக்கு எண்கள் வந்தன. மிஸ் பலகையில் 3⁴ என்று எழுதினார்.

"இது எவ்வளவு, அக்கா?"

"மூணு நாலு, பன்னிரண்டு."

"5² எவ்வளவு?"

"பத்து."

"சரி, 2⁵?"

"அதுவும் பத்து." சித்தி புருவத்தைச் சுருக்கினாள். "ரெண்டுமே பத்துன்னா, எதுக்கு மிஸ் ரெண்டு விதமா எழுதி மனுஷனைக் குழப்பறாங்க?"

மிஸ் பொறுமையாகச் சொன்னார். குட்டி எண் தன்னோடு பெருக்கச் சொல்லவில்லை. பெரிய எண்ணை எத்தனை தடவை எழுதிப் பெருக்க வேண்டும் என்று சொல்கிறது. மூன்று, மூன்று, மூன்று, மூன்று. சித்தி, "புரிஞ்சுது மிஸ்" என்றாள். சித்தப்பா பஸ் என்ஜினைப் பற்றி விளக்கும்போதும் அவள் இதே குரலில்தான் "புரிஞ்சுது" என்பாள்.

எந்த எண்ணாக இருந்தாலும் அடுக்கு பூஜ்ஜியம் என்றால் விடை ஒன்று என்று மிஸ் சொன்னபோது சித்தி புத்தகத்தையே மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே புலம்பினாள். "ஒண்ணுமே பண்ணலைன்னா ஒண்ணு எங்கேர்ந்துடி வரும்? ஒரு தடவையும் பெருக்காம, வானத்துலேர்ந்து குதிக்குமா? அந்தக் குட்டி எண்ணைப் பாரு. ஒரு வேலையும் செய்யாம தோள் மேல ஏறி உக்காந்துக்கிட்டு."

"இவ அப்படித்தான் என்னையும் சொல்வா" என்று கூடத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். யாரிடம் பேசினார் என்று தெரியவில்லை. டிவியிடமாக இருக்கலாம்.

மறுநாள் பழைய காலண்டரிலிருந்து எண்களை வெட்டி எடுத்தேன். குளிர்ப்பெட்டியின் தோளில் 2. கண்ணாடியின் மூலையில் 3. சித்தி தூங்கும் பக்கத்துச் சுவரில், விழித்தவுடன் கண்ணில் படும்படி, 3⁴. படிப்புக்கு உதவி என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று, சித்தப்பாவின் யூனிஃபார்ம் தோளில் பெரிதாக ஒரு 0 ஒட்டினேன். அவர் அதோடு ஒரு நாள் முழுக்கப் பஸ் ஓட்டியிருக்கிறார்.

"ஏய் வாலு!" சாயங்காலம் வாசலிலேயே கத்தினார். "ஒரு காலேஜ் பொண்ணு இறங்கும்போது, 'சார், நீங்க இப்போ வெறும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டுப் போறா. கண்டக்டர் சாயங்காலம் வரைக்கும் என்னை 'ஒண்ணு அண்ணே'ன்னுதான் கூப்பிட்டான். நிறுத்தத்துல இருக்கறவங்க கூட!"

"தப்புதான் சித்தப்பா. பதிலுக்கு உங்க தொப்பையைக் குறைச்சுத் தரேன். டாக்டர் உடற்பயிற்சி பண்ணச் சொன்னாரில்ல? இன்னைக்கு மூணு தடவை உக்காந்து எந்திரிங்க. நாளையிலேர்ந்து தினமும் மும்மடங்கு."

அவர் விரல்விட்டு எண்ணினார். "மூணு, ஆறு, ஒன்பது... ஏழாவது நாள்கூட இருபத்தொண்ணுதான். இதென்ன பெரிய விஷயம்? சரி."

நான் திருத்தவில்லை. திருத்துவது ஆசிரியர் வேலை.

முதல் நாள் மூன்று, சிரித்துக்கொண்டே முடித்தார். இரண்டாம் நாள் ஆறோடு நின்றவரிடம், "மூணுக்கு மும்மடங்கு ஒன்பது" என்றேன், முறைத்துவிட்டு முடித்தார். மூன்றாம் நாள் இருபத்தேழு. "வாக்கு குடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். நாலாம் நாள் சித்தி வேலை முடிந்து உள்ளே வந்தபோது, அவர் குளிர்ப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னடி பண்றே இவரை? மூச்சு வாங்குது பாரு!"

"நாப்பது... நாப்பத்தொண்ணு. எண்பத்தொண்ணு வரைக்கும் போகணும், சித்தி."

"எண்பத்தொண்ணா?" பையைக் கீழே வைத்தாள். "எத்தனாவது நாள் இது?"

"நாலாவது."

சித்தி கொடியில் கிடந்த துவாலையை உருவி, மேஜையில் போட்டு மூன்றாக மடித்தாள். உள்ளங்கையால் அழுத்தி, திருப்பி, இன்னொரு தடவை மூன்றாக.

"மூணு... ஒன்பது..." அவள் குரல் ஏறியது. "இருபத்தேழு. எண்பத்தொண்ணு! அடியே, இது என் மேஜைடி! நாலு மடிப்பு, எண்பத்தொண்ணு லேயர்னு கேக்கறவங்களுக்கெல்லாம் பன்னிரண்டு வருஷமா வாயால சொல்லிட்டு இருக்கேன். அந்தக் குட்டிப்பய சும்மா உக்காந்திருக்கலை. எத்தனை தடவை மடிக்கணும்னு அவன்தான் சொல்றான்!"

"அப்போ பூஜ்ஜியம்?" என்று கொக்கியைப் போட்டேன்.

அவள் துவாலையை உதறி விரித்தாள். மடிப்பே இல்லாமல் மேஜைமேல் கிடந்தது.

"மடிக்கவே இல்லை. வெண்ணெய் அப்படியே ஒரே பலகையா இருக்கு. ஒண்ணு! மூணா மடிக்கப் போறேனோ அஞ்சா மடிக்கப் போறேனோ, தொடறதுக்கு முன்னாடி ஒண்ணுதானே?"

"நான் நிறுத்தலாமா?" என்று குளிர்ப்பெட்டிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"நிறுத்துங்க. நாளைக்கு எத்தனைன்னு தெரியுமா? இருநூத்து நாப்பத்து மூணு."

சித்தப்பா தரையில் உட்கார்ந்தார். அன்று அவரை எழுப்ப நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்பது கேள்வி, தேற இருபத்தைந்து மதிப்பெண் வேண்டும். சித்தி கல்யாணத்துக்குப் போகிறவளைப்போல் உடுத்திக்கொண்டு போனாள். வெளியே வரும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. "அடுக்குக் கணக்கு பூரா நம்ம பப்ஸ்டி! அதை மட்டும் ரெண்டு தடவை யோசிச்சு ரொம்பக் கவனமா எழுதினேன்" என்று சித்தப்பாவையும் சேர்த்து மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை முடிவு வந்தது. இருபத்து மூன்று.

அவள் அந்தத் தாளை ஒருமுறை படித்தாள். மூன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "பரவாயில்லை" என்றாள், தேவைக்கு மேல் உற்சாகமாக. வீட்டுக்கு நடக்கும்போது பன் மாஸ்டரைப் பாராட்ட ஆரம்பித்தாள். நல்ல மனுஷனாம். கையில் வேகம் உண்டாம். மூணு மடிப்பும் ஒன்றும் மோசமில்லையாம். அழுதிருந்தால்கூட ஏதாவது கிண்டல் செய்து சமாளித்திருப்பேன். மூணு மடிப்பு மோசமில்லை என்று சித்தி வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை, பேனா வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மிஸ்ஸிடம் போனேன்.

"சித்தியோட பேப்பரைப் பார்க்கலாமா?"

"எதுக்கு?"

"மாத்தி எழுத மாட்டேன். கையைக் கட்டிக்கிட்டே பார்க்கறேன்."

மிஸ் சிரித்துவிட்டு எடுத்துக் காட்டினார். 2⁵, 32, சரி. 5³, 125, சரி. அப்புறம் வரிசையாக மூன்று சிவப்புக் கோடு. 3² என்பதற்கு 10. 3³ என்பதற்கு 28. 3⁴ என்பதற்கு 82.

"பார்த்தியா? மூணு கணக்குலயும் ஒண்ணு கூட. பெருக்கும்போது ஏதோ கவனக்குறைவுன்னு நினைச்சேன்."

கவனக்குறைவு என்றால் ஒன்று கூடும், இன்னொன்று குறையும். மூன்று தடவையும் ஒரே பக்கமாக, ஒரே அளவு சறுக்குவதற்குத் திறமை வேண்டும். சில விஷயங்களில் எனக்கு அனுபவம் உண்டு. வேண்டுமென்றே செய்தது எது, தெரியாமல் நடந்தது எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். மூன்று விடைகளையும் கையில் எழுதிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினேன்.

பின்கட்டில் சித்தி உருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் கல்மேஜையில் பாதிவரை வந்திருந்தது. பக்கத்து மேஜையில் பன் மாஸ்டர் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, மூணு மூணா நாலு தடவை மடிச்சா எத்தனை லேயர்?"

அவள் நிமிரக்கூட இல்லை. கட்டை ஒரே சீராகப் போய்வந்தது.

"வெண்ணெயா, மாவா?"

"என்னது?"

"எதைக் கேக்கறே? வெண்ணெய்ன்னா எண்பத்தொண்ணு. மாவுன்னா எண்பத்திரண்டு."

நான் பக்கத்திலிருந்த மாவு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். "பரீட்சைல எதை எழுதினே?"

"மாவைத்தான். கேள்வியில எதுன்னு போடலை. கடிக்கறவன் பல்லுல படறது மாவுதானே? அதான் யோசிச்சு மாவை எழுதினேன்."

"வீட்டுல துவாலையை மடிச்சப்போ எண்பத்தொண்ணுன்னு சொன்னியே!"

"அது வெண்ணெய்க் கணக்குடி. துவாலைல ஏது மாவு?" அப்போதுதான் நிமிர்ந்தாள். என் கையில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மாவு படிந்த கை தானாக அவள் வாய்க்குப் போனது. "அடக் கடவுளே. அவங்க பப்ஸைக் கேக்கவே இல்லையா?"

பன் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவர் மீசையிலிருந்த மாவெல்லாம் பறந்தது. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சித்தியும் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு மாஸ்டர் தன் உருண்டைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"ஆமா, நான் சொல்ற மாதிரி மூணு மடிச்சா எத்தனை வரும்?"

"மாவு இருபத்தெட்டு."

"எண்பத்திரண்டுக்கு இருபத்தெட்டா? ஒரே ஒரு மடிப்புதானே குறையுது!"

"ஒரு மடிப்புதான் மாஸ்டர். ஆனா கடைசி மடிப்பு."

அவர் தாடையைச் சொறிந்தார். "போ, போய்ச் சண்டை போடு. இந்த மேஜை எனக்கு வேண்டாம்மா. நான் மூணு மடிக்க, நீ பக்கத்துல நின்னு பெருமூச்சு விட, நாள் முழுக்க அதை யாரு கேக்கறது?"

நல்லவேளையாக வகுப்பில் ஒரு விதி இருந்தது. இரண்டு மதிப்பெண்ணுக்குள் தவறியவர்களை வாய்மொழியாக ஒருமுறை சோதிக்கலாம். தப்பாகப் போன பாடத்திலிருந்து மட்டும் கேட்பார்கள். சோதிப்பவர் தேர்வு அலுவலர். நேரான மனிதர், நேரான கோடுகள் போட்ட சட்டை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று மிஸ் சொன்னார். புதன்கிழமை மூன்று மணிக்கு நேரம் கொடுத்தார்கள். மாடிப்படியில் மிஸ் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு அறிவுரை சொன்னார்.

"அக்கா, உள்ள போய் வெண்ணெய்ப் பேச்சே எடுக்காதீங்க. அவருக்கு எண் மட்டும் போதும்."

"எடுக்கவே மாட்டேன் மிஸ்."

நான் கதவோரம் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை.

"மூன்றின் அடுக்கு இரண்டு, பெருக்கல், மூன்றின் அடுக்கு மூன்று. சுருக்கிச் சொல்லுங்கள்" என்றார் அலுவலர். அச்சடித்தது போலப் பேசுகிறவர்.

சித்தி கண்ணை மூடினாள். மடியில் அவள் கைகள் எதையோ மடித்துக்கொண்டிருந்தன. "மூணின் அடுக்கு அஞ்சு."

"ஆறு இல்லையா? எப்படி ஐந்து?"

"காலையில ரெண்டு மடி..." மிஸ் இருமினார். "ரெண்டு தடவை, ஐயா. மதியம் மூணு தடவை. மொத்தம் அஞ்சு தடவைதானே? பெருக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?"

அவர் எதையோ குறித்துக்கொண்டார். "ஏழின் அடுக்கு பூஜ்ஜியம்?"

"ஒண்ணு."

"ஏன்?"

சித்தி மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் கண்ணாலேயே கெஞ்சினார். சித்தி உதட்டை இறுக்கினாள், மூச்சை இழுத்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"மனப்பாடமாகச் சொல்கிறீர்களா?"

"ஐயா, மன்னிச்சுக்கங்க. வெண்ணெய் இல்லாம எனக்குச் சொல்ல வராது!"

மிஸ் நெற்றியில் கை வைத்தார். பிறகு அணை உடைந்த மாதிரிதான். மடிக்காத வெண்ணெய் ஒண்ணு, ஏழாக மடிக்க நினைத்தாலும் மடிக்கும்வரை ஒண்ணு என்று சித்தி கொட்டித் தீர்த்தாள். பத்து, இருபத்தெட்டு, எண்பத்திரண்டு வந்த கதையையும் கூடவே சொன்னாள். அலுவலர் பேனாவை உயர்த்தி நிறுத்தினார்.

"பொறுங்கள். வெண்ணெய் மூன்றாகும், சரி. மாவு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு. மூன்றாக மடித்தால் ஆறு ஆக வேண்டும். நீங்கள் நான்கு என்கிறீர்கள்."

"மடிக்கும்போது ரெண்டு இடத்துல மாவும் மாவும் முகத்தோட முகம் ஒட்டும், ஐயா. உருட்டினா ஒண்ணாயிடும். அப்போ ஆறுல ரெண்டு போச்சு, நாலு. வெண்ணெய் என்னைக்குமே வெண்ணெயைத் தொடாது. நடுவுல மாவு காவலுக்கு இருக்கே."

அவர் தாளில் எழுதினார். இரண்டை மூன்றால் பெருக்கி இரண்டைக் கழித்தார்: நாலு. நாலை மூன்றால் பெருக்கி இரண்டைக் கழித்தார்: பத்து. அடுத்தது இருபத்தெட்டு. அடுத்தது எண்பத்திரண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை போட்டார். அப்போதும் எண்பத்திரண்டு.

"ஐந்தாவது மடிப்பில் இருநூற்று நாற்பத்து நான்கு" என்றார், தனக்குத்தானே.

"அஞ்சாவது மடிக்கக் கூடாது, ஐயா. ரொம்ப மெலிசாகிக் கிழிஞ்சிடும்."

"கணக்கில் கிழியாது அம்மா."

"அதனாலதான் கணக்கை யாரும் சாப்பிடறதில்லை."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ரொம்ப நாள் சிக்கிக்கிடந்த மேஜை இழுப்பறை திறப்பதைப் போல. தேர்வு அலுவலர் சிரித்துவிட்டார். சிரித்ததில் அவரே கொஞ்சம் பயந்துபோன மாதிரி தெரிந்தது.

"கடைசிக் கேள்வி. பதிவுக்காக, ஒரே ஒரு எண் மட்டும் சொல்லுங்கள். மூன்றின் அடுக்கு நான்கு?"

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எண்பத்தொண்ணு." ஒரு விநாடி தாங்கினாள். "வெண்ணெய்."

"வெண்ணெய் என்று நான் எழுதமாட்டேன்."

"எழுத வேண்டாம், ஐயா. மனசுல வெச்சுக்கங்க."

மூன்று மதிப்பெண் கூடியது. இருபத்தாறு. மிஸ் சித்தியைக் கட்டிக்கொண்டார். நான் கதவோரத்திலேயே நின்று, சுவரில் இருந்த பூச்சு எப்படி உரிந்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் ஆராய்ந்தேன். ரொம்ப மோசமாக உரிந்திருந்தது.

சித்தி வெளியே வந்தாள். சான்றிதழை என் கையில் திணித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயோ! மூணாவது மடிப்பைத் தூங்கவெச்சுட்டு வந்தேன்டி! நேரம் தாண்டிடுச்சு, அவர் எடுத்து உருட்டியிருப்பார்!"

படிகளில் அவள் ஓடிய ஓட்டத்தை நான் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். தெருவில் எதிரே வந்த சைக்கிள்காரர் தானாக இறங்கி வழிவிட்டார். பேக்கரியின் பின்வாசலில் நுழைந்தபோது இருவருக்கும் பேச மூச்சில்லை.

பன் மாஸ்டர் குளிர்ப்பெட்டியின் முன் கையைக் கட்டிக்கொண்டு காவல்காரர் மாதிரி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் முதலாளியம்மா, அடுப்புக்காரர், பொட்டலம் கட்டும் அக்காக்கள் என்று மொத்தப் பின்கட்டும் கூடியிருந்தது. கடையில் பப்ஸ் தீர்ந்துபோய் முன்பக்கம் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"தொடலை" என்றார் மாஸ்டர். "என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படித் தொடறது? சொல்லு."

நான் சான்றிதழை உயர்த்திப் பிடித்தேன். யாரோ விசிலடித்தார்கள். முதலாளியம்மா அதை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, கடைப்பக்கம் தலையைக் காட்டி, "சரி, சீக்கிரம் மடி, ஜனங்க நிக்கறாங்க" என்றார்.

சித்தி கையைக் கழுவினாள். குளிர்ப்பெட்டியிலிருந்து மாவை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒற்றை விரலால் ஓரத்தில் அழுத்தினாள், நடுவில் அழுத்தினாள். எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நேரம் கிடந்து வெண்ணெய் இறுகிப்போச்சு. இப்போ உருட்டினா உள்ளேயே உடையும்" என்றாள். "இன்னும் பத்து நிமிஷம் இது வெளியில இருக்கணும்."

"ஜனங்க நிக்கறாங்கன்னு சொன்னேனே" என்றார் முதலாளியம்மா.

"நிக்கட்டும்மா. பத்து நிமிஷம்."

முதலாளியம்மா வாயைத் திறந்தார். கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, காத்திருப்பவர்களிடம் சொல்ல முன்பக்கம் போனார். பன் மாஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துத் துடைத்து, கல்மேஜையின் பக்கத்தில் போட்டார். பன்னிரண்டு வருடத்தில் அந்த மேஜையருகே சித்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தாள், காலை நன்றாக நீட்டிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் காக்கவைத்து.